விடிவுக்குத் தவணை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் தேர்தல் மேடை ஏறியவர் எவராயினும், எந்தக் கட்சியின் சின்னத்தைச் சுமந்து வந்தவராயினும், அவருடைய பிரசங்கத்தில் தவறாது இடம்பெறும் சொல் ஒன்று உண்டென்றால் அது ‘விடிவு’ என்ற சொல்லே ஆகும். தமிழகத்துப் பேச்சாளர் அதனை விடியல் என்பார். நாம் விடிவு என்கிறோம். விடிய வேண்டுமானால் அதற்கு முன் இருண்டிருக்க வேண்டும் என்ற நியாயம் அச்சொல்லுக்குள்ளேயே அடங்கிக் கிடப்பதால், விடிவைப் பற்றிச் சொல்ல வந்த அபேட்சகர் முதலில் இருளைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசியாக வேண்டியிருக்கிறது. இருளின் வர்ணனை முடிந்து கிழக்கு வெளுக்கும் கட்டத்துக்கு அவர் வந்து சேர்வதற்குள், முற்றவெளியின் பின்வரிசையில் நின்றவர்கள் சைக்கிளை உருட்டிக்கொண்டு புறப்பட்டிருப்பார்கள். இருளை முழுதாகவும் விடிவை அரைகுறையாகவும் கேட்டு வளர்ந்த வாக்காளர் நாம் என்று சொன்னால், அதில் பரிகாசம் பாதி, உண்மை பாதி.

இதே சொல்லை வைத்து அமெரிக்காவில் ஒரு தேர்தலையே வென்றிருக்கிறார்கள். 1984ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் ரொனால்ட் ரீகனுடைய பிரசாரத்தார் தயாரித்த தொலைக்காட்சி விளம்பரமொன்று, வேலைக்குப் புறப்படுகிறவர்களையும் கலியாண வீட்டையும் புதுமனை புகும் குடும்பத்தையும் காட்டி, அமெரிக்காவில் மறுபடியும் காலை புலர்ந்துவிட்டது என்று மெல்லிய குரலில் சொல்லிற்று. 50 மாநிலங்களில் 49 அவர் பக்கம் நின்றன. அவருக்கு முன்பிருந்த ஜிம்மி கார்ட்டரோ, 1979 யூலையில், எரிபொருளுக்காக வரிசையில் காத்துக்கிடந்த தம் மக்களை நோக்கி, தேசத்தின் ஆத்மாவே தன்னம்பிக்கையை இழந்து நிற்கிறது என்று மனத்தில் பட்டதைப் பட்டபடி சொன்னார். அடுத்த ஆண்டுத் தேர்தலில் தோற்றார். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்து உளவியல் அறிஞர்களான ஹரோல்ட் சல்லோ, மார்ட்டின் செலிக்மன் ஆகிய இருவரும், 1948 முதல் 1984 வரை நடந்த 10 தேர்தல்களில் இரு பெரும் கட்சிகளின் அபேட்சகர்கள் நியமனத்தை ஏற்று ஆற்றிய உரைகளை எடுத்துவைத்து, எவர் கேட்டையே அசைபோட்டு அதற்கு நீங்காத காரணங்களைக் கற்பித்துக்கொண்டிருந்தார் என்று வாக்கியம் வாக்கியமாக அளந்து பார்த்தபோது, அவ்வாறு கூடுதலாக நொந்துகொண்டவர் 9 தேர்தல்களில் தோற்றிருக்கக் கண்டார்கள். விலக்காக நின்றது 1968 மாத்திரமே. அதற்குப் பின்னர், நாடு பாழாய்ப் போயிற்று என்று சொல்லியே 2016இல் ட்ரம்ப் வென்றதும், அந்த அளவுகோல் அங்கேயே சிறிது வளைந்துபோனதும் வேறு கதை.

அந்த அளவுகோலை எடுத்துவந்து எங்கள் பழைய மேடைகளின் மேல் வைத்துப் பார்க்கும் ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு. வைத்தால், ஏறக்குறைய எல்லாம் தலைகீழாக வருகிறது.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் யாழ்ப்பாணத் தொகுதியில் எதிரெதிராக நின்ற இருவரையும் நினைத்துப் பாருங்கள். ஒருவர், சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் குமாரரும் உள்நாட்டு அமைச்சராக இருந்தவருமான சேர் அருணாசலம் மகாதேவா. சோல்பரித் திட்டத்தை ஏற்று, டி. எஸ். சேனாநாயக்காவின் நல்லெண்ணத்தில் விசுவாசம் வைத்து, வருகிற சுதந்திரத்தில் தமிழருக்கும் இடமுண்டு என்று சொன்னவர். மற்றவர், அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசின் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம், வெள்ளைக்காரன் கப்பல் ஏறிய மறுநாளே பெரும்பான்மைச் சமூகம் எங்களை விழுங்கிவிடும் என்றும், சட்டசபை ஆசனங்களில் சரிபாதியைச் சிங்களவருக்கும் மறுபாதியை ஏனைய சமூகங்கள் அனைத்துக்குமாக ஒதுக்கினாலன்றி உய்தியில்லை என்றும் வாதாடியவர். அவருடைய ‘ஐம்பதுக்கு ஐம்பது’ கோரிக்கையைச் சோல்பரி ஆணைக்குழு முன்னரே நிராகரித்துவிட்டது. வழக்கில் தோற்ற வக்கீலாகவே அவர் வாக்காளர் முன் வந்து நின்றார். ஆயினும் யாழ்ப்பாணம் அவருக்கு 14,324 வாக்குகளையும் மகாதேவாவுக்கு 5,224 வாக்குகளையும் அளித்தது. நம்பு என்றவர் தோற்றார், நம்பாதே என்றவர் வென்றார்.

வென்றவர் ஓராண்டு கழிந்ததும் நம்பத் தொடங்கினார் என்பதுதான் இக்கதையின் சுவையான பகுதி. 1948 செப்டெம்பரில் பொன்னம்பலம் சேனாநாயக்காவின் அமைச்சரவையில் கைத்தொழில், மீன்பிடி அமைச்சராகப் பதவியேற்றார். காங்கேசன்துறைச் சிமெந்துத் தொழிற்சாலை, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, வாழைச்சேனைக் காகிதத் தொழிற்சாலை ஆகியவற்றோடு அவர் பெயர் இன்றும் இணைத்துப் பேசப்படுகிறது. ஒத்துழைத்து, பெறக்கூடியதைப் பெற்று, மெல்ல மெல்ல மேலேறுவோம் என்ற அந்த நம்பிக்கை வெறும் வாய்ப்பேச்சன்று; அதற்குப் புகைபோக்கியும் சம்பளப் புத்தகமும் இருந்தன. ஆனால் அதே காலத்தில் மலையகத் தோட்டத் தொழிலாளரின் பிரஜாவுரிமையைப் பறித்த சட்டங்கள் நிறைவேறின. அவற்றை எதிர்த்துக் காங்கிரசை விட்டு வெளியேறிய எஸ். ஜே. வி. செல்வநாயகம், கு. வன்னியசிங்கம், ஈ. எம். வி. நாகநாதன் முதலியோர் 1949 டிசெம்பர் 18ஆம் தேதி மருதானையில் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தார்கள். இன்று அவர்களுக்கு நேர்ந்தது நாளை மொழியின் வழியாக எமக்கும் நேரும் என்பது செல்வநாயகத்தின் எச்சரிக்கை. அந்த எச்சரிக்கையோடு 1952இல் காங்கேசன்துறையில் நின்றவர், ஐக்கிய தேசியக் கட்சியின் சு. நடேசனிடம் தோற்றார். அவருடைய கட்சிக்கு நாடு முழுவதிலும் இரண்டே ஆசனங்கள், கோப்பாயும் திருகோணமலையும்.

இவ்வொரு தேர்தலில் அமெரிக்க அளவுகோல் எங்கள் மண்ணிலும் பொருந்தியது என்று எவரேனும் மகிழ்வதற்கு முன், அடுத்த நான்கு ஆண்டுகளில் நிகழ்ந்ததை எண்ணிப் பார்க்க வேண்டும். 1954இல் பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவலை யாழ்ப்பாணத்துக்கு எழுந்தருளியபோது, கொக்குவில் இந்துக் கல்லூரியில் நடந்த வரவேற்பில், சிங்களத்துக்கும் தமிழுக்கும் சம அந்தஸ்து அளிக்க அரசியல் திட்டத்தில் ஏற்பாடு செய்வதாக வாக்களித்தார். மாலை மரியாதைகளுக்கிடையே ஒரு பிரதமரின் வாயிலிருந்தே வந்த நம்பிக்கை அது. தெற்கில் கிளம்பிய ஆரவாரத்தைக் கண்டு பின்வாங்கிய அவருடைய கட்சி, 1956 பெப்ரவரியில் களனி மகாநாட்டில் சிங்களம் மட்டும் என்று தீர்மானம் செய்தது. அவ்வாறு செய்தும் அவ்வாண்டுத் தேர்தலில் பண்டாரநாயக்காவிடம் அடியோடு தோற்றது என்பது வேறு. அதே தேர்தலில் தமிழரசுக் கட்சி 10 ஆசனங்களை வென்று, செல்வநாயகம் காங்கேசன்துறையை மீட்டுக்கொண்டார். 1952இல் பலித்திராத வார்த்தை 1956இல் பலித்துவிட்டது. பலித்த வார்த்தைக்கு உடையவரிடமே வாக்குப் போயிற்று.

பாரதத்து விதுரனை எங்கள் ஊர்ப் புராண படன மண்டபங்களில் மிக்க மரியாதையோடு குறிப்பிடுவார்கள். சபையில் நடக்கப்போவதை முன்னரே சொன்னவன், சொன்னது நடந்ததனால் பெரியவனானவன். ஆனால் விதுரனுக்கு வாக்குப் போட்டுத் தலைவனாக்கினால் அவன் செய்யக்கூடியது என்ன என்ற கேள்வியை அப்புராண மண்டபங்களில் எவரும் கேட்டதில்லை. அதே கேள்வியைத் தேர்தல் மேடையை நோக்கியும் நாம் கேட்கவில்லை. தீர்க்கதரிசிக்குரிய மரியாதையை நிருவாகிக்கும் அளித்துப் பழகியதனால் விளைந்த நட்டத்தைக் கணக்கெடுத்தால் அது சிறிய தொகையாக இராது.

அவநம்பிக்கை, நம்பிக்கை என்ற இந்த இரண்டுக்கும் அப்பால் எங்களிடம் மூன்றாவது வழக்கமும் உண்டு. அது வாக்குச்சாவடிக்கே போகாதிருத்தல். இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அமெரிக்க ஆராய்ச்சியாளருடைய பட்டியலில் இதற்குக் கட்டமே கிடையாது.

1931இல் டொனமூர் அரசியல் திட்டத்தின் கீழ் முதலாவது அரசாங்க சபைத் தேர்தல் வந்தது. 21 வயதான ஆண் பெண் இருபாலாருக்கும், படித்தவர் பாமரர் என்ற பேதமின்றி வாக்குரிமை. ஆசியக் கண்டத்தில் அன்று எளிதில் காணக் கிடைக்காத அந்த உரிமை கைக்கு எட்டிய வேளையில், யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரிக்கும்படி அறைகூவியது. காரணம் யாது? அத்திட்டம் பூரண சுயராச்சியத்தைத் தரவில்லை. 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்துவந்த இளைஞர்கள் அவர்கள். ஹன்டி பேரின்பநாயகம் முதலிய ஆசிரியர்கள் தலைமை தாங்கினார்கள். சாதி பேதத்தை எதிர்த்தும் சுதேசக் கல்வியை ஆதரித்தும் பேசியவர்கள். அரைச் சுதந்திரத்தை நாம் மறுத்தால் தெற்கில் உள்ள தேசபக்தர்களும் மறுப்பார்கள், அனைவருமாகச் சேர்ந்து முழுமையை வாங்கிவிடலாம் என்று அவர்கள் மனப்பூர்வமாக நம்பினார்கள். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒரு நியமனப் பத்திரமேனும் தாக்கலாகவில்லை. தெற்கோ வழக்கம்போல் தேர்தலை நடத்தி, சபையில் அமர்ந்து, அமைச்சுகளைப் பங்கிட்டுக்கொண்டது. எங்கள் ஆசனங்கள் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன.

இனி 2005 நவம்பர். ஜனாதிபதித் தேர்தல். யாழ்ப்பாண மாவட்டத்தில் பதிவு பெற்ற வாக்காளர் 7 இலட்சத்துக்கு மேல். இறந்தவரும் இடம்பெயர்ந்தவரும் கனடாவில் பனி வழிக்கிறவரும் அத்தொகையில் அடக்கம் என்பதை ஒப்புக்கொண்டாலும், வாக்களித்தவர் 1.2 வீதம் மட்டுமே என்பது திகைக்க வைக்கும் எண். இரு பிரதான அபேட்சகரிலும் தமிழருக்கு அக்கறையில்லை என்று புலிகளின் தரப்பிலிருந்து வந்த நிலைப்பாட்டை மீறி வாக்குச்சீட்டைக் கையிலெடுக்கும் துணிவு அன்று மிகச் சிலருக்கே இருந்தது. ஏறத்தாழ 180,000 வாக்குகளால் மகிந்த ராஜபக்ஷ வென்றார். அவ்வெற்றியின் பின்விளைவுகளை இக்குடாநாட்டு வாசகருக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு பகிஷ்கரிப்புகளையும் வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு வெறும் வாக்குப்பெட்டி ஒன்றே தோன்றும். உள்ளிருந்து பார்த்தால், முன்னதை வெறுமையாக்கியது அளவிறந்த நம்பிக்கை. பின்னதை வெறுமையாக்கியவை அச்சமும் சலிப்பும். ஆனால் கொழும்பிலே வாக்குகளை எண்ணுகிறவன் இவ்வேறுபாட்டை எண்ணுவதில்லை. பூச்சியத்துக்கு மனநிலை கிடையாது. 1931இன் இலட்சியவாதிகளை நான் பெரிதும் மதிக்கிறவன், அவர்களைப் போன்ற ஆசிரியர் பரம்பரையொன்று இன்று எமக்கு வாய்க்கவில்லையே என்று வருந்துகிறவன். எனினும் அவர்கள் காலி செய்துவிட்டுப் போன மேடையில்தான் இனவாரி அரசியல் தன் முதல் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தது என்பதை மறைத்துப் பயனில்லை. 1934இல் பருத்தித்துறைக்குத் தெரிவானவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம். 1931இன் பகிஷ்கரிப்புக்கு இருபத்துமூன்று ஆண்டுகளுக்குப் பின்னர், மேலே சொன்ன கொக்குவில் வரவேற்பில், சம அந்தஸ்து வேண்டுமென்று பிரதமர் சேர் ஜோனிடம் விண்ணப்பித்த அதிபர், அதே ஹன்டி பேரின்பநாயகம். முழுச் சுயராச்சியத்தை நம்பி ஒரு தேர்தலையே உதறியவர், ஒரு வாக்குறுதியைக் கேட்டுப் பெற்று, அதுவும் காற்றிலே போவதைப் பார்த்தார். எங்கள் அரசியல் சரித்திரத்தில் இதைவிடத் துயரமான வட்டம் எனக்குத் தெரியவில்லை.

செல்வநாயகத்துக்கு வருவோம். அவர் பேச்சாளரல்லர். மெலிந்த தேகம், நடுங்கும் கை, முன்வரிசைக்கும் எட்டாத குரல். அவர் பேசி முடிந்தபின் அவருடைய கட்சியைச் சேர்ந்த அமிர்தலிங்கம் எழுந்துதான் கூட்டத்துக்கு உஷ்ணமேற்ற வேண்டியிருந்தது என்று பழையவர்கள் சொல்வார்கள். 1957இல் பண்டாரநாயக்காவோடு ஒப்பந்தம் செய்தார், அது மறு ஆண்டே கிழிந்தது. 1965இல் டட்லி சேனாநாயக்காவோடு செய்தார், அதுவும் கைகூடவில்லை. 1972இல் குடியரசு அரசியல் திட்டத்தை எதிர்த்து ஆசனத்தைத் துறந்து, இடைத்தேர்தல் நடத்தும்படி அறைகூவினார். அரசாங்கம் அதை 1975 பெப்ரவரி வரை இழுத்தடித்தது. கம்யூனிஸ்டுக் கட்சியின் வி. பொன்னம்பலத்தை எதிர்த்து நின்ற அத்தேர்தலில் 16,000க்கு மேற்பட்ட பெரும்பான்மை வாக்குகளால் வென்றார். தமிழ் மக்களைக் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும் என்ற வாசகம் அவருடைய வாயிலிருந்து பிறந்ததாக இன்றுவரை யாழ்ப்பாணத்தில் வழங்கிவருகிறது. உலகத்தில் எந்தக் கட்சியின் பிரசார ஆலோசகனும் தன் தலைவரை இப்படிப் பேச விடமாட்டான். சல்லோவும் செலிக்மனும் கேட்டிருந்தால், தேறாத அபேட்சகர் என்று எழுதி வைத்திருப்பார்கள். எங்கள் மக்களோ அவரைத் தந்தை என்றார்கள்.

இதன் இரகசியம் எங்கள் கிராமத்துக் கூத்தைப் பார்த்தவனுக்கு விளங்கும். காத்தவராயன் கழுமரம் ஏறப்போகிறான் என்பது முதற் பாட்டுக்கு முன்பே பார்வையாளர் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே பாயை விரித்து, குழந்தையை மடியில் கிடத்தி, விடியும்வரை விழித்திருந்து பார்ப்பார்கள். முடிவு தெரிந்த கதையில் அவர்கள் தேடுவது நடிகனின் உண்மையை. கிடையாததைக் கிடைக்கும் என்று சொல்லாத மனிதர் என்ற ஒரு பிரமாணத்தை வைத்தே செல்வநாயகத்தை அவர்கள் மதித்தார்கள் என்று கொள்கிறேன்.

1977இல் அவர் மறைந்து மூன்று மாதத்துக்குள் வந்த பொதுத் தேர்தலில், தமிழர் விடுதலைக் கூட்டணி உதயசூரியனைச் சின்னமாக ஏந்தித் தனிநாட்டுக்கு ஆணை கேட்டது. இருளைப் பற்றிய பிரசங்கமும் விடிவைப் பற்றிய சின்னமும் அத்தேர்தலில் போல வேறெப்போதும் ஒன்றுசேர்ந்ததில்லை. இளைஞர்கள் விரலைக் கீறித் தலைவர்களின் நெற்றியில் இரத்தத் திலகம் இட்டார்கள். கூட்டணி 18 ஆசனங்களை வென்றது. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். சூரியன் உதிக்கும் என்று சொன்னவர்கள் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே பிரயாணம் செய்துகொண்டிருக்க, திலகம் இட்ட கைகள் வேறு வேலைக்குப் போயின. அதன் பின்வந்த முப்பது ஆண்டுகளைத் தேர்தற் பிரசாரம் என்ற தலைப்பின் கீழ் எழுதுவது மரியாதையாக இராது.

போர் முடிந்தபின் வந்த நம்பிக்கைகளில் ஒன்றை மாத்திரம் எடுத்துக்கொள்கிறேன். 2015 ஜனவரியில் ஆட்சி மாறியது. அவ்வாண்டு ஓகஸ்டில் நடந்த பொதுத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 207,577 வாக்குகளையும் 7 ஆசனங்களில் 5ஐயும் பெற்றது. 2016ஆம் ஆண்டு முடிவதற்குள் தீர்வு என்று கூட்டமைப்பின் தலைவர் இரா. சம்பந்தன் மேடைதோறும் சொன்னார். பின்னர் அடுத்த தீபாவளிக்குள் என்றும் ஒரு தவணை வந்தது. அவர் ஏமாற்றுவதற்காகச் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. 2016இல் பாராளுமன்றம் அரசியலமைப்புச் சபையாக மாறியது, 2017 செப்டெம்பரில் இடைக்கால அறிக்கையும் வெளிவந்தது. கிழவர் கண்ட கனவுக்குக் காகிதத்தில் ஆதாரம் இருந்தது. ஆனால் 2018 ஒக்டோபரில் ஜனாதிபதியும் பிரதமரும் மோதிக்கொண்ட குழப்பத்தில் எல்லாம் அடித்துக்கொண்டு போயிற்று. எங்கள் வாசிகசாலையில் அந்நாட்களில் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு ஒரு பெரியவர் கேட்டார்: “தம்பி, அவர் சொன்னது எந்த வருஷத்துத் தீபாவளி எண்டு ஆரும் கேட்டு வைச்சனியளோ?” சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அச்சிரிப்பில் கோபம் இல்லை. அதுதான் என்னை அச்சுறுத்தியது.

அடுத்து வந்த எண்களைப் பாருங்கள். 2020இல் கூட்டமைப்புக்கு யாழ் மாவட்டத்தில் 112,967 வாக்குகள், 3 ஆசனங்கள். 2024 நவம்பரில், கூட்டமைப்பு சிதறியபின் தனித்து நின்ற தமிழரசுக் கட்சிக்கு 63,327 வாக்குகள், ஒரே ஆசனம். ஒன்பது ஆண்டுகளில் மூன்றில் ஒன்றுக்கும் குறைந்துபோன இவ்விறக்கத்துக்கு உட்பூசல், புலம்பெயர்வு, தலைமுறை மாற்றம் என்று காரணங்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்றை நான் முதலில் வைக்கிறேன்.

யாழ்ப்பாணத்தான் உறுதி எழுதிப் பழகியவன். ஒரு முழ வேலிக்கும் ஒழுங்கை வழிவிடலுக்கும் நொத்தாரிசிடம் போகிறவன். ஈட்டுக்குத் தவணை, வட்டிக்குத் தவணை, தவணை தப்பினால் வழக்கு என்ற ஒழுங்கில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவன். அவனுடைய பாஷையில் காணிப் பத்திரத்துக்கும் மனத்திண்மைக்கும் ‘உறுதி’ என்ற ஒரே சொல்தான். அப்பேர்ப்பட்டவனிடம் போய், இருள் சூழ்ந்திருக்கிறது, எப்போது விடியுமோ தெரியாது என்று ஒருவர் சொன்னால், அதை அவன் உள்ளபடியே ஏற்றுக்கொள்கிறான், வாக்கும் போடுகிறான். விடியும், இன்ன மாதம் விடியும் என்று ஒருவர் சொன்னாலோ, அவன் அதைக் கடன்பத்திரமாக எடுத்துப் பெட்டியில் வைத்துவிடுகிறான். அமெரிக்க வாக்காளன் துக்கத்தைப் பாடுகிறவனைத் தண்டித்தான் என்று அந்த ஆராய்ச்சி சொல்லிற்று. எங்கள் வாக்காளன் துக்கத்தை மன்னிக்கிறான். தவணை தவறியவனை மன்னிப்பதில்லை.

இதிலிருந்து எங்கள் கட்சிகள் கற்றுக்கொண்ட பாடம் தவறானது என்பதே என் குறை. தவணை சொல்லாதிருப்பதே பத்திரம் என்று அவை முடிவு செய்துவிட்டன. 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் சங்குச் சின்னத்தில் நின்ற தமிழ்ப் பொது வேட்பாளர் பா. அரியநேத்திரன், வெல்ல முடியாது என்று தெரிந்தும் தெரிவித்தும் நின்றார். தெற்கு எங்களுக்கு ஒன்றும் தராது என்பதைப் பதிவு செய்வதற்காகவே வாக்குக் கேட்டார். நாடு முழுவதிலும் 226,343 வாக்குகள் கிடைத்தன. யாழ் மாவட்டத்திலும் முதலிடம் சஜித் பிரேமதாசவுக்கே போயிற்று. ஊதிய சங்கின் ஓசை எவ்வளவு தூரம் கேட்டதென்று இன்றும் வாதாடுகிறார்கள். ஓசை அடங்கியபின் மறுநாள் காலையில் செய்யவேண்டிய காரியம் என்ன என்பதைப் பற்றி வாதாடியவர் எவரையும் நான் சந்திக்கவில்லை.

அந்தத் தேர்தலில் யாழ் மாவட்டத்தில் 27,086 வாக்குகளை மாத்திரம் பெற்ற அநுர குமார திசாநாயக்கவின் தேசிய மக்கள் சக்தி, எட்டு வாரங்கள் கழியுமுன் நடந்த பொதுத் தேர்தலில் 80,830 வாக்குகள் பெற்று, 6 ஆசனங்களில் 3ஐக் கைப்பற்றியது. சுதந்திரத்துக்குப் பின் பொதுத் தேர்தலொன்றில் தெற்கத்தியக் கட்சியொன்று இம்மாவட்டத்தில் முதலிடம் பெற்றது அதுவே முதன்முறை. அதன் மேடையில் இருள் மிகவும் குறைவு. காணிகள் திரும்பும், ஊழல் ஒழியும், வீதிகள் திறக்கும் என்று சொன்னார்கள். சமஷ்டி என்ற சொல் அம்மேடையின் அருகிலும் வரவில்லை. எங்கள் மேடைகளில் அரை நூற்றாண்டாக ‘உரிமையா, சலுகையா’ என்று ஒரு கேள்வியை வைத்து, கிணற்றில் உப்புத் தண்ணீர் ஏறுவதைப் பற்றியும் இழுவைப்படகு வலையை அறுப்பதைப் பற்றியும் பேசுகிறவன் உரிமையை விற்கிறவன் என்று தீர்த்து வைத்திருந்தோம். அதன் பலனாக, சிறிய நம்பிக்கைகள் எல்லாம் அநாதைகளாகக் கிடந்தன. கிடந்த பிள்ளையைத் தெற்கிலிருந்து வந்தவர் தூக்கிக்கொண்டார். அதற்காக அவரைக் குறை சொல்லலாமா என்பது எனக்குச் சந்தேகம்.

எனினும் அவர்களுக்கும் நான் சலுகை காட்டுவதாக இல்லை. கீல்வாதக்காரனிடம் போய் உன் கட்டிலுக்குப் புதுமெத்தை போடுகிறேன் என்பதும் ஒருவகை நம்பிக்கைதான்; மெத்தை வேண்டாமென்று அவன் சொல்லமாட்டான், நோயைப் பற்றிக் கேட்பதையும் நிறுத்தமாட்டான். 2025 மே மாதத்து உள்ளூராட்சித் தேர்தலில் தமிழரசுக் கட்சி குடாநாட்டில் மறுபடியும் முன்னுக்கு வந்ததை, எங்கள் கட்சிக்காரர் தங்கள் பழைய பிரசங்கத்துக்குக் கிடைத்த மறுவாழ்வாக எண்ணி மாலை போட்டுக்கொண்டார்கள். ஆறு மாதத்துக்குள் இப்படி இருபுறமும் சாய்ந்த வாக்காளனை, எவருக்கும் மறுவாழ்வு கொடுத்தவனாக நான் காணவில்லை. பத்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துத் திகதியைப் பார்த்தவனாகவே காண்கிறேன்.

2024 நவம்பர் பொதுத் தேர்தலுக்கு இரண்டு வாரங்களுக்கு முன்னர் பலாலிப் பக்கத்தில், முப்பது ஆண்டுகளுக்கு மேல் இராணுவ வேலிக்குள் கிடந்த வீதியொன்று திறக்கப்பட்டது. உள்ளூராட்சித் தேர்தலுக்கு முந்திய ஏப்ரலிலும் அவ்வாறே இன்னொரு பகுதி திறக்கப்பட்டது. காலையில் திறந்து மாலையில் மூடுவார்கள் என்றும், வாகனத்தில் போகலாம், நடந்து போகக்கூடாது, இடையில் நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது என்றும் நிபந்தனைகள் அறிவிக்கப்பட்டன. முதல் நாட்களிலேயே அவ்வழியாகப் போன பஸ்ஸில், யன்னலோரத்தில் இருந்த வயோதிப மாது ஒருவர், முள்ளுக்கம்பிக்கு அப்பால் இடிந்து நின்ற கிணற்றுக் கட்டொன்றைக் காட்டி, துலாக்கால் நின்ற இடம் அதுதான் என்று பேரனுக்குச் சொன்னார். பேரன் எழுந்து எட்டிப் பார்ப்பதற்குள் பஸ் அவ்விடத்தைத் தாண்டிவிட்டது.